கூட்டின் மேல் வெயில்

பழைய பறவைப் படங்களுக்குக் கணினியில் மெருகேற்ற உட்கார்ந்த புகைப்படக்காரர், விருது வாங்கித் தந்த அந்தக் கூட்டுப் படத்தைத் தாண்ட முடியாமல் இருக்கிறார். ஜன்னல் வழியே வெயில் மேசையில் நீளுகிறது. காபி ஆறி ஆடை கட்டியிருக்கிறது. அன்று படத்திலிருந்து வெட்டி நீக்கிய ஓரத்தைத் திரையில் திரும்ப இழுத்துவிடுகிறார். அந்த ஓரத்தில், கூட்டை மறைக்கிறதென்று தன் கையாலேயே நறுக்கிப் போட்ட இலைக்கொத்து தரையில் கிடக்கிறது. "மூணு குஞ்சும் எப்படி வாயைப் பிளந்துட்டு இருக்கு பாருங்கப்பா! அவ்வளவு பசியா?" தோளுக்குப் பின்னால் மகள் சிரிக்கிறாள். பசியில்லைம்மா, வெயில் தாங்காம மூச்சு வாங்குதுங்க என்பது அவருக்குத் தெரியும். "ம்" என்கிறார். மவுஸை மெல்ல நகர்த்தி, பதினாலு வருஷம் கழித்து, அந்தக் கூட்டின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நிழலை இறக்குகிறார்.