மூடியாகிப் போன தட்டு

அலமாரியில் இருந்த பூப்போட்ட பீங்கான் தட்டுக்கு மூன்று வாரமாகக் கோபம்.

"அறைத்தோழி சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டாள், சரி. அதற்காக இந்த அமுதினி அடுப்படியில் நின்றபடியே உன்னிலிருந்து அள்ளித் தின்பதா? அப்புறம் நான் எதற்கு?" என்று வாணலியிடம் வாதாடியது.

"கழுவ ஒரு பாத்திரம் குறைகிறதுதானே," என்றது வாணலி.

"சோம்பேறித்தனத்துக்கு நீ வக்காலத்தா!"

அன்று மாலை அமுதினி முட்டைக்கோஸும் கேரட்டும் நறுக்கி வதக்கினாள். இரண்டு பேருக்கான அளவு வெந்த நூடுல்ஸைப் போட்டுப் புரட்டினாள். பிறகு தட்டை எடுத்தாள். தட்டு பூரித்துப்போனது. அவளோ அதைக் கவிழ்த்து வாணலியை மூடிவிட்டாள்.

"வாங்க மூடியாரே!" என்று சிரித்தது வாணலி.

"அநியாயம்! என்மேல் பரிமாற வேண்டும். யாருக்காக இந்த அவமானம்?"

"அந்த அறைத்தோழிதான் ஏழு மணிக்கு வருகிறேன் என்றாளாம். இப்போது ஏழரை."

அமுதினி வாசலைப் பார்த்தபடியே, சூடு இருக்கிறதா என்று தட்டின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

தட்டுக்கு அடுத்த வாதம் மறந்துபோனது.

"ஏய் வாணலி," என்றது மெதுவாக. "மேலே சூடு போகாமல் நான் பிடித்துக்கொள்கிறேன். கீழே நீ ஆறிவிடாதே."