தாழச் சுடும் கைத்துப்பாக்கி

“துருவை மட்டும் எடு. வேற எதுலயும் கை வைக்காத. இதோட குணம் எனக்குத் தெரியும்.”

பெரிய கண்காணி நல்லமுத்து கைத்துப்பாக்கியைப் பட்டறை மேசைமேல் போட்டார். சங்கையா எழுந்து நின்று தலையாட்டினான். சக்குபள்ளம் ஏலத்தோட்டத்தில் இரும்பு வேலை எதுவானாலும் அவனிடம்தான் வரும்.

புருசனுக்குக் கஞ்சி கொண்டுவந்த பூமாரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“வா தாயி, நீயும் கேட்டுக்க,” என்றார் கண்காணி. “இந்தச் சனியன் எப்பவும் தாழத்தான் சுடும். முப்பது தப்படிக்கு ஒன்றரை முழம் எறங்கிரும். அதுக்காக விட்டுருவோமா? தலைக்கு மேல ஒரு சாண் ஏத்திக் குறி வப்பேன். சொல்லி வச்ச மாதிரி நடு முதுகுல பாயும். ஆறு வருசப் பழக்கம். நாளைக்கு உன் தம்பிக்கும் அதுதான்.”

அன்று காலை, ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில், பூமாரியின் தம்பி கருத்தப்பாண்டியைக் கண்காணி ஓர் அறை விட்டார். அவன் திருப்பி ஒன்று விட்டான். இருநூறு பேர் பார்த்தார்கள். ஏலக்காட்டுக்குள் ஓடியவன் இன்னும் அகப்படவில்லை.

விடிந்ததும் ஆள் விட்டுக் காட்டைக் கலைப்பார்கள். மலைக்குக் கீழே கம்பம் ஊருக்கு இறங்க ஒரே பாதை. பாறைச் சரிவில் ஏறி எல்லைக்கல்லைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் மதுரை ஜில்லா; கண்காணியின் கை நீளாது. தாண்டுவதற்குள் முப்பது தப்படி அவர் கண்ணெதிரே ஏற வேண்டும்.

கண்காணி போனார். துப்பாக்கியை வாங்கிப்போக ஓர் ஆளை வாசலில் உட்கார வைத்துவிட்டுப் போனார்.

சங்கையா துருவை எடுத்தான். எண்ணெய் போட்டான். அதோடு நிறுத்தவில்லை. துப்பாக்கியை ஒடித்துத் திறந்து மேசையோரத்து வைஸ் இடுக்கியில் இறுக்கினான். குழல் வழியே எதிர்ச்சுவரைப் பார்த்து, அது காட்டிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்தான். பிறகு குழலின் நுனியில் குறிக்காக நிற்கும் பித்தளை முளை வழியே பார்த்தான். அரத்தை எடுத்தான்.

முளையைக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். பட்டறைக்காரன் பெண்டாட்டிக்கு அது தெரியாதா?

“கோணலை நிமித்துறீகளா?”

அவன் அராவினான், பார்த்தான், மறுபடி அராவினான்.

“அந்தாளு கேக்கக்கூட இல்லையே. கேக்காத வேலையச் செஞ்சு நல்ல பேரு வாங்கணுமா? மச்சான் மச்சான்னு உங்க காலையே சுத்தி வருவானே அவன்!”

“கஞ்சிய வச்சிட்டுப் போ.”

“கொஞ்சம் தவறினாலும் மண்ணுல போய்ச் சொருகிரும்னு இருந்தேன். அதுலயும் மண்ணப் போடுறீக.”

வாசலில் இருந்தவன் தலையை நீட்டினான். “உள்ள என்ன சத்தம்?”

அரம் நின்றது. சங்கையா பூமாரியைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வெட்கம் இப்போதாவது வந்ததே என்று நினைத்தாள்.

“ஒண்ணுமில்லண்ணே. கண்காணி மேல எம் புருசனுக்கு எம்புட்டு விசுவாசம்னு சொல்லிக்கிட்டிருந்தேன்.”

“பெறகு? உப்புத் தின்னவன்ல,” என்று சிரித்துக்கொண்டே அவன் பீடியைப் பற்ற வைக்கப் போனான்.

கஞ்சித் தூக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டே பூமாரி வெளியேறினாள். திரும்பிப் பார்த்தபோது, அராவிய இடம் மின்னாமலிருக்க, சங்கையா முளையில் விளக்குக் கரியைத் தடவிக்கொண்டிருந்தான். அவ்வளவு அக்கறை.

மறுநாள் அவளுக்குக் காய் எடுப்பு, பாதையை ஒட்டிய காட்டில். கை காயைத் தொடவில்லை.

காட்டுக்குள் தகரம் தட்டும் சத்தம் நெருங்கிவந்தது. கருத்தப்பாண்டி வெளிப்பட்டான். பாறையில் கையும் காலுமாகத் தொற்றி ஏறினான். சரிவின் அடியில் நின்ற கண்காணி அவசரப்படவில்லை. கை நீட்டி, அவன் தலைக்கு மேல் ஒரு சாண் ஏற்றிக் குறி வைத்தார்.

வெடித்தது.

கருத்தப்பாண்டியின் தலைக்கு மேலே ஒரு குச்சி முறிந்து அவன் தோளில் விழுந்தது. அவன் ஏறிக்கொண்டே இருந்தான்.

“சே! தாழப் போயிருச்சு,” என்றார், வெடிப்புகை மறைத்ததில் குச்சி விழுந்ததைக் காணாத கண்காணி. அடுத்த தோட்டாவைப் போட்டு இன்னொரு சாண் உயர்த்தினார்.

இரண்டாவது குண்டு போன இடம் வானத்துக்குத்தான் தெரியும். குச்சி விழுந்ததைப் பார்த்த பெண்கள் இருபது பேர் இருப்பார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது தோட்டாவைப் போடுவதற்குள் எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் அவன் இல்லை.

மத்தியானம் பட்டறைக்குப் பூமாரி வந்தபோது கண்காணி அங்கே கத்திக்கொண்டிருந்தார். “துரு எடுத்ததுல இன்னும் தாழ்ந்து போச்சுடா! நாளைக்குள்ள இதச் சரி பண்ணி வையி!”

“சரிங்க ஐயா.”

அவர் போகும்வரை பூமாரி காத்திருந்தாள்.

“எங்கண்ணால பாத்தேனே, கோணலை நிமித்தத்தான செஞ்சீக?”

“நிமித்தத்தான் செஞ்சேன்,” என்றான் சங்கையா. “ஆனா துப்பாக்கியத்தான நிமித்தினேன், புள்ள. ஆறு வருசமாக் கோணலாப் பழகின கையை இல்லையே.”