சூர்யா எழுதிய முப்பத்தெட்டு மெயில்கள்

சூர்யா வில்பிரட் சார் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பத்து நிமிடமாகிறது. மடியில் ஒரு பழைய ஃபைல். போன மாதம் செத்துப்போன அவன் அம்மா கங்கையம்மாளின் பெட்டியில் இருந்ததாம்.

ஃபைலைப் பார்த்ததுமே வில்பிரட் சாருக்குத் தெரிந்துவிட்டது. பழைய குட்டு வெளியே வந்துவிட்டது. எழுபத்தாறு வயதில் வசவு வாங்கக்கூடத் தெம்பு வேண்டாமா?

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் சேலையூரில் அந்தத் தெருவுக்கே இன்டர்நெட் என்றால் அவர் வீடுதான். கம்ப்யூட்டர் போன் லைனைப் பிடித்துக் கத்தி முடிப்பதற்குள் உலையில் சோறு வெந்துவிடும். வெளிநாடு போன பிள்ளைகள் அவர் முகவரிக்குத்தான் மெயில் போட்டார்கள். சனிக்கிழமை பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார். எல்லாம் இங்கிலீஷ். கங்கையம்மாளுக்கு அவரே தமிழில் படித்துச் சொல்ல வேண்டும்.

குவைத் போன சூர்யா நாலு மெயில் போட்டான். அப்புறம் வேலை போனது. சொல்ல வெட்கப்பட்டு எட்டு மாதம் வாயே திறக்கவில்லை.

அந்தம்மா சனிக்கிழமை தவறவில்லை. ஹாஸ்டலில் சமையலை முடித்து, கை ஈரம் காயாமல் வந்து நிற்பாள்.

“வந்துகீதா சார்?”

ஒரு வாரம் இல்லை என்றார். அவள் போன போக்கைப் பார்த்து அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் ஒரு தாளைக் கையில் எடுத்து, சூர்யா எழுதியதாகப் படித்துக் கொடுத்தனுப்பினார். அதற்கடுத்த வாரமும். பொய்க்குப் பழகிப்போனது நாக்கு.

எட்டு மாதம் கழித்து ஊர் திரும்பிய மகனை ஏன் எழுதவில்லை என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் காரணம் அவனுக்கு இந்த வாரம்தான் தெரிந்தது.

சூர்யா ஃபைலைத் திறந்தான். பிரிண்டர் தாளின் துளை போட்ட ஓரத்தைக்கூடக் கிழிக்காமல் முப்பத்தெட்டுத் தாள்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் அவள் சமையல் கை பட்ட மஞ்சள் கறை.

முதல் நாலு அவன் எழுதியவை. ஐந்தாவது, உங்கள் நூறு மணி நேர இன்டர்நெட் இணைப்பு முடியப்போகிறது, உடனே புதுப்பிக்கவும் என்று கம்பெனி அனுப்பிய நோட்டீஸ். அடுத்தது அமெரிக்க லாட்டரி. அப்புறம் சர்ச் பாடகர் குழுவின் ஒத்திகை நேரம். கடைசிவரை அப்படித்தான்.

வில்பிரட் சார் தலையைக் குனிந்துகொண்டார். இத்தனை வருடம் சுமந்தது போதும், திட்டட்டும் என்றிருந்தது.

சூர்யா ஐந்தாவது தாளை உருவி அவர் கையில் வைத்தான்.

“இதுல நான் இன்னா சார் எழுதியிருந்தேன்? படிச்சுக் காட்டுங்க.”