இராசசிங்கத்தின் தரவரிசை

"கூடைப்பந்து அணியளின்ரை புள்ளி வித்தியாசம், எதிரணியளின்ரை பலம் எல்லாம் போட்டுக் கணக்குப் பாத்திட்டன். நான் படிச்ச கல்லூரிதான் முதலாமிடம்," என்று இராசசிங்கம் லப்டொப்பைத் திருப்பிக் காட்டினார்.

"அதெல்லாம் சின்ன அணியளை வெண்டு சேர்த்த புள்ளி. இண்டைக்கு இறுதியாட்டத்திலை என்ரை கல்லூரியிட்டைத் தோக்கப்போறியள்," என்றாள் மனைவி மனோன்மணி.

மகள் ஷரோன் சிரித்தபடி சப்பாத்துக் கயிற்றை இறுக்கினாள்.

"முட்டை இரண்டையும் சாப்பிடு பிள்ளை. வெயிலுக்கை ஓடவேணுமெல்லே," என்று மனோன்மணி தட்டை நீட்டினாள்.

"நீயே சொல்லு, என்ரை பட்டியல் சரிதானே?" என்றார் இராசசிங்கம்.

"ஆட்டம் முடியட்டும், அப்பா."

சாப்பிட்டு எழுந்த ஷரோன் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டாள்.

"போன முறை மாதிரி இரண்டு பேரும் கத்தினியளெண்டால், நடுவரைப் பெத்தவையெண்டும் பாக்கமாட்டன். மைதானத்தாலை வெளியேத்திப்போட்டுத்தான் மிச்ச ஆட்டம்!"