முழங்காலுக்குக் கீழே

ரோஸ்லின் பெட்டியின் துளையில் ஒயரைச் செருகினாள். சத்தம் வரவில்லை.

பிடுங்கி, பக்கத்துத் துளையில் செருகினாள்.

மேசைக்கு அடியில் சிறிய பெடல் ஒன்று கிடந்தது. கீபோர்டு வாசிப்பவர்கள் காலால் அழுத்துவது. அதன்மேல் வலது காலை வைத்தாள். முழங்காலுக்குக் கீழே இருப்பது செயற்கைக் கால். பெடலில் பட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. குனிந்து பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது.

தொடையை லேசாக அழுத்தினாள்.

தும்.

மேசையில் இருந்த டம்ளர் தண்ணீர் அதிர்ந்தது.

வெடுக்கென்று காலைத் தூக்கிக்கொண்டாள்.

போன மழைக்காலத்தில், கச்சேரி முடிந்து திரும்பும்போது, அவள் டிரம்ஸ் வாசித்த இசைக்குழுவின் வேன் கவிழ்ந்தது. அதன்பிறகு ஒரே ஒருமுறை டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பேஸ் டிரம்மை அடிக்க வலது பாதம் வேண்டும். செயற்கைக் கால் பெடலிலிருந்து வழுக்கி வழுக்கி விழுந்தது. விழுந்த அடியும், கடன் கேட்க வந்தவன் கதவைத் தட்டுவதுபோல் தயங்கியது.

டிரம்ஸை உறையைப் போட்டு மூடிவிட்டாள்.

இன்று காலை, குழுவில் கிடார் வாசிக்கும் கிளமென்ட் தன்னுடைய மாடுலர் சிந்தசைசரைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தான். சூட்கேஸ் அளவுப் பெட்டி. உள்ளே மின்சாரத்தில் சத்தம் எழுப்பும் சின்னச் சின்னக் கருவிகள். ஒவ்வொன்றிலும் குமிழ்கள், துளைகள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒயர் போட்டால்தான் பேசும்.

அதில் ஒன்று புதியது. பேஸ் டிரம் சத்தம் மட்டும் போடும் கருவி. அவளுக்காகவே வாங்கிப் பொருத்தியிருந்தான்.

"இதுல ரெக்கார்டு பண்ணி வச்ச சத்தம் எதுவும் இல்லக்கா. நீங்க மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் கரண்ட்லேருந்து புதுசா உண்டாகுது. பலமே வேண்டாம். தொட்டாப் போதும்."

சாப்பிடச் சொல்லியும் நிற்கவில்லை. தான் இருந்தால் அவள் தொட மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மறுபடி மிதித்தாள்.

சத்தம் பெரிதுதான், ஆனால் காலி டின்னைத் தட்டியதுபோல் இருந்தது. ஒரு குமிழைத் திருப்பினாள். சத்தம் கீழே இறங்கியது. இன்னொன்றைத் திருப்பியதும் அது நீண்டு, இழுத்துக்கொண்டே போனது. குறைத்தாள். இன்னும் கொஞ்சம்.

தும்.

இப்போது நெஞ்சில் விழுந்தது.

குமிழிலிருந்து கையை எடுத்தாள்.

தும். தும்தும்.

இரண்டாவது அடி பிந்தியது. திரும்பச் செய்தாள். பாதம் செய்த வேலையை முழங்கால் தட்டுத்தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தது. வேர்த்தது. அவளையறியாமல் இரண்டு விரல்கள் மேசையில் மீதித் தாளத்தைப் போட ஆரம்பித்திருந்தன.

முழங்கால்.

நடைப் பயிற்சி கொடுத்த பெண் ஒருமுறை சொன்னாள். "முழங்கால் மிஞ்சினது பெரிய விஷயம்க்கா. விடியட்டும்னு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தா அதுவும் போயிருக்கும்."

அன்று அது அவள் காதில் ஏறவில்லை.

காலை எடுத்துவிடச் சொன்னது அவள் கணவன் அமலன். அப்போது அவளுக்குச் சுயநினைவில்லை. கண் விழித்ததும் அவனிடம் கேட்டாள், "யாரைக் கேட்டுச் சொன்னீங்க?" அவன் அவள் தலையணையைச் சரிசெய்தான். அதற்குப் பிறகு இருவரும் மாத்திரையைப் பற்றிப் பேசினார்கள். பாலைப் பற்றி, கேஸ் தீர்ந்ததைப் பற்றிப் பேசினார்கள்.

அடுப்படியிலிருந்து அமலன் எட்டிப் பார்த்தான். கையில் கரண்டி.

"கீழ் வீட்டுல எதையோ இடிக்கிறாங்கன்னு நினைச்சேன்."

"நான்தான்."

தும். தும்தும்.

அவன் மேசைக்கு அடியில் பார்த்தான். ஏறி இறங்கும் முழங்காலைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

அவள் நிறுத்தினாள்.

"என்னங்க. அன்னிக்கு டாக்டர் கேட்டப்போ, ரொம்ப நேரம் யோசிச்சீங்களா?"

கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் கை மாற்றிக்கொண்டான்.

"யோசிக்கல, ரோஸ்லின். உடனே எடுத்துருங்கன்னு சொல்லிட்டேன்."

கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அதுக்கப்புறந்தான் யோசிச்சிக்கிட்டே இருக்கேன்."

அவள் கரண்டியை வாங்கி மேசையில் வைத்தாள். அவன் கையைப் பிடித்து இழுத்து, தன் வலது முழங்காலின்மேல் வைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் அந்தக் காலை அவன் தொட்டதில்லை. அவள் தொட விட்டதில்லை.

"போதும். இனிமே யோசிக்காதீங்க."

தொடையை உயர்த்தினாள்.

தும். தும்தும். அவன் கையும் முழங்காலோடு சேர்ந்து ஏறி இறங்கியது.