எதிர் லேப்

செல்லக்கனியைப் பத்து மணிக்குள் கவிழ்த்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பிரேமா அன்று காலை ஆறரைக்கே லேபுக்கு வந்தாள்.

தூத்துக்குடியில் ஒரே தெருவில் பதினைந்து வருஷமாக எதிரும் புதிருமாக இருந்த இரண்டு ரத்தப் பரிசோதனை லேப்களையும் ஒரு சென்னைக் கம்பெனி வாங்கி, போன மாதம் ஒன்றாக்கிவிட்டது. பெயர்ப்பலகை ஒன்று, சீருடை ஒன்று. இன்சார்ஜ் நாற்காலியும் ஒன்றுதான்.

அந்த லேபில் செல்லக்கனி சீனியர். இந்த லேபில் பிரேமா சீனியர். நாற்காலி யாருக்கு என்று சொல்ல, மேனேஜர் பத்து மணிக்குச் சென்னையிலிருந்து வருகிறார்.

பதினைந்து வருஷம் நின்றபடியே வேலை பார்த்தவள் பிரேமா. நாற்காலிக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை.

இரண்டு லேபின் பழைய பட்டியலையும் ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் அவளுக்கு அந்தத் துருப்பு கிடைத்தது. பிரேமாவின் லேப் பட்டியலில் ஆறு தைராய்டு டெஸ்ட். பெயர் யாரோ ஒருத்தியுடையது. போன் நம்பர் மட்டும் செல்லக்கனியுடையது. ரிசல்ட் போனுக்கு வந்தாக வேண்டுமே, அதில் பொய் சொல்ல முடியாது.

சொந்த லேபை நம்பாமல் எதிர் லேபுக்கு ரத்தம் அனுப்பியவளா இன்சார்ஜ்? பிரேமா அதைப் பிரிண்ட் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு சிக்கல். பிரேமாவும் அதையேதான் செய்திருந்தாள். ஒன்பது வருஷமாக வீட்டில் தனக்குத்தானே ஊசி குத்தி ரத்தம் எடுத்து, 'மாடக்கண்ணு, ஆண், வயது அறுபது' என்று எழுதி, தன் போன் நம்பரைப் போட்டு, ஆட்டோக்காரர் கையில் எதிர் லேபுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அது வேறு விஷயம். தன் லேபில் கொடுத்தால், அவளுக்குச் சுகர் என்று அவளுக்கு முன்னால் டீக்கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் பட்டியலிலிருந்து மாடக்கண்ணுவை அழிக்க வேண்டும். அப்புறம் செல்லக்கனியைக் கவனிக்கலாம்.

உள்ளே போனால், பட்டியல் இருந்த கம்ப்யூட்டர் முன்னால் செல்லக்கனி உட்கார்ந்திருக்கிறாள்.

"என்னளா, இவ்வளவு வெள்ளன வந்துட்ட?"

"பட்டியல் வேலை கொஞ்சம் பாக்கி இருந்துதுக்கா."

"எந்திரி, நான் பாக்கேன்."

"முடிச்சிட்டேன்க்கா." செல்லக்கனி குரலைத் தாழ்த்தினாள். "மாடக்கண்ணுவத்தான தேடுதீங்க?"

பிரேமா ஒன்றும் தெரியாதவள் போல் முகத்தை வைத்துக்கொண்டாள். "எந்த மாடக்கண்ணு?"

"மூணு மாசச் சராசரிச் சுகர் எட்டரை. கொஞ்சம் கொறைக்கணும்க்கா."

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. பிரேமா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. ட்யூப்ல சரியா கோடு வரைக்கும் ரத்தம். எடுத்த நேரம் எழுதியிருக்கு. லேபிள்ல ஒரு சுருக்கம் இல்ல. எந்த மாடக்கண்ணு அண்ணாச்சி இப்படி அனுப்புவாரு?"

"யார்ட்டயும் சொல்லலியா?"

"இல்லியே."

"இன்னைக்குச் சொன்னா நாற்காலி ஒனக்குல்லா?"

"அதெப்படிக்கா? எங்ககிட்ட ரத்தம் குடுத்துட்டா நீங்க பேஷண்ட். பேஷண்ட் ரிசல்ட்ட அடுத்தவங்களுக்குக் காட்டலாமா? ஒங்க போன் நம்பர மட்டும் எடுத்துட்டேன். மேனேஜர் கண்ணுல படாது."

பிரேமாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பாத்ரூமுக்குப் போய், கைப்பையில் இருந்த காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டாள்.

பத்து மணிக்கு மேனேஜர் வந்தார். பிரேமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "யாரை இன்சார்ஜா போடலாம்? நீங்களே சொல்லுங்க" என்றார்.

"செல்லக்கனியப் போடுங்க சார்."

"உங்களுக்கு எதிர் லேப்காரங்களாச்சே, வேலை சுத்தமா இருக்குமா?"

"ஒம்பது வருஷமா என் ரத்தத்த அவகிட்டதான் சார் குடுக்கேன்."