முன் பிரேக்

போல்ட் முறுக்கி முறுக்கி தினமும் வலிக்கும் தோள்பட்டை இன்று ஏன் வலிக்கவில்லை என்ற யோசனை மெக்கானிக்குக்கு வந்தது, டெஸ்ட் ரைடில் இரண்டாவது சிக்னலைத் தாண்டிய பிறகுதான்.

அவன் பின் சீட்டில் இருந்தான். ஓட்டியவர் வண்டி வாங்க வந்த பல் டாக்டர்.

மூடியெல்லாம் எதுவும் இல்லாமல் எஞ்சின் வெளியே தெரியும் ஒற்றை சிலிண்டர் வண்டி. தக்கை மாதிரி எடை. இதைச் செய்த கம்பெனி எந்த வருஷம் எந்த ரேஸில் ஜெயித்தது, எந்த வளைவில் யாரை முந்தியது என்று ஷோரூமிலேயே டாக்டர் அரைமணி நேரம் ஒப்பித்துவிட்டார். பல்லைப் பிடுங்கும்போதும் இதையேதான் சொல்வார் போல. வாயைப் பிளந்து கிடப்பவர்கள் மறுத்துப் பேச முடியாதே.

முன் பிரேக்கை அதன் இடத்தில் பிடித்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். அவற்றை முறுக்க அவனிடம் ஒரு ஸ்பானர் உண்டு. எவ்வளவு இறுக வேண்டுமோ அந்த அளவை அதில் வைத்துவிட்டால், அது வந்ததும் 'டிக்' என்று சொல்லும். சொன்னதும் போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு. கோடு விழுந்த போல்ட்டை அதற்குப் பிறகு யாரும் தொட மாட்டார்கள்.

நேற்று மாலை ஸ்பார்க் பிளக்குக்காக அந்த அளவைப் பாதிக்கும் கீழே குறைத்திருந்தான். திரும்ப ஏற்றவில்லை.

காலையில் 'டிக்' சீக்கிரமே வந்தது. தனக்குத்தான் கைபலம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கோட்டையும் போட்டுவிட்டான்.

இதுதான் இந்த வண்டியின் முதல் ஓட்டம். இரண்டு சிக்னலும் பச்சையாகக் கிடைத்ததால்தான் இன்னும் சீட்டில் இருக்கிறார்கள்.

நிறுத்தச் சொல்ல வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான். நிறுத்தச் சொன்னால் டாக்டர் முதலில் பிடிக்கப்போவது முன் பிரேக்கைத்தான். இந்த வேகத்தில் அது கழன்று சக்கரத்தில் சிக்கினால், இரண்டு பேரையும் அள்ளித்தான் எடுக்க வேண்டும்.

தூரத்தில் மூன்றாவது சிக்னல் சிவப்புக்கு மாறியது. டாக்டரின் விரல்கள் பிரேக்கை நோக்கி நீண்டன.

"சார், இந்தக் கம்பெனி ரேஸ்காரங்க பிரேக்கைத் தொடவே மாட்டாங்க, கியரைக் குறைச்சுக் குறைச்சே நிறுத்துவாங்க. உங்களால முடியுமா?"

அண்டப்புளுகு. ஆனால் விரல்கள் பின்வாங்கின.

நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. எஞ்சின் உறுமி உறுமி வேகத்தைக் குறைத்தது. நடை வேகத்துக்கு வந்ததும் டாக்டர் காலை ஊன்றி நிறுத்தினார்.

மெக்கானிக் இறங்கி முன் சக்கரத்தருகே குந்தினான். மஞ்சள் கோடு போட்ட போல்ட் ஓட்டத்தின் அதிர்வில் தளர்ந்து விரலுக்கே திரும்பியது.

"ரேஸ் நம்ம ரத்தத்துலயே இருக்குல்ல தம்பி?" என்றார் டாக்டர்.

அவன் ஃபோனை எடுத்தான். காலையிலிருந்து இதே ஸ்பானரால் முறுக்கி, கோடு போட்டு, இன்னும் நான்கு வண்டிகளைச் சாவியோடு கைகுலுக்கி அனுப்பியிருக்கிறான்.

நான்கு பேருடைய நம்பரும் இருந்தது. முதல் நம்பரின் மேல் கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தால், வண்டியை ஓரங்கட்ட அவர்கள் எதைப் பிடிப்பார்கள்?